போய்ப் பார்த்தவர் யார்?

2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், கடலோரத்தோடு நிற்காமல் உள்மாவட்டங்களுக்குள் நகர்ந்து விழுப்புரம், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் என்று வழிநெடுகக் கொட்டித் தீர்த்தது. திருவண்ணாமலையில் மலைச்சரிவில் வீடு புதைந்து ஏழு பேர் இறந்தார்கள். சேர்வராயன் மலையிலும் விடாத மழை. அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நிறுத்தப்பட்டது. அந்தத் திங்கட்கிழமை காலை எங்கள் உறவினர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு காணொளி வந்து விழுந்தது. சாலையில் வரிசையாக நிற்கும் கார்கள். திடீரென்று மலையிலிருந்து உருண்டு வரும் பெரும்பாறை ஒன்று அவற்றை நசுக்கிவிட்டுப் போகிறது. மேலே சிவப்பு எழுத்தில் ‘ஏற்காடு மலைப்பாதை, இன்று காலை’ என்று எழுதியிருந்தது.

என் சித்தியின் மகள் ஏற்காட்டுக்கு அப்பால் நாகலூர்ப் பக்கம் ஆசிரியையாக இருக்கிறாள். சித்தி என்னை அழைத்தபோது குரல் உடைந்திருந்தது. “இதப் பாத்தியா கண்ணு? இவ போன எடுக்கவே மாட்டேங்கறா.” மலையில் மின்சாரம் போனால் செல்பேசிக் கோபுரமும் சற்று நேரத்தில் ஓய்ந்துவிடும் என்பது எங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் அந்தப் பாறையைக் கண்ணால் பார்த்த பிறகு, தெரிந்தது எதுவும் சித்திக்கு ஆறுதல் தரவில்லை.

இரண்டாவது முறை பார்த்தபோதுதான் சாலையின் அகலம் என் கண்ணில் பட்டது. எங்கள் மலைப்பாதை இருபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்டது. வளைவில் எதிரெதிரே இரண்டு பேருந்துகள் வந்தால் ஒன்று நின்று வழிவிட வேண்டும். காணொளியில் இருந்ததோ அகன்ற நெடுஞ்சாலை. அடிவாரத்தில் தேநீர்க் கடை வைத்திருக்கும் ஒருவரின் எண் என்னிடம் இருந்தது, அவரை அழைத்தேன். “மேல வண்டி விடறதில்லைங்க. மண்ணு சரிஞ்சு கெடக்குது, ஜேசிபி வந்திருக்குது. கார் மேல பாறை விழுந்ததெல்லாம் இல்லைங்க, நான் விடியக்காலை நாலு மணியிலிருந்து இங்கதான் நிக்கறேன்” என்றார். மாலையில் காணொளியின் ஒரு காட்சியைப் படமாக வெட்டி கூகுள் லென்ஸில் தேடியபோது உண்மை தெரிந்தது. 2023 ஜூலையில் நாகாலாந்தின் திமாப்பூர்–கோஹிமா நெடுஞ்சாலையில் நடந்த விபத்து அது. நடந்தது உண்மை, இறந்தவர்களும் உண்மை; இடமும் நாளும் மட்டும் பொய்.

அன்று அந்தக் குழுவில் இருந்த நாற்பது பேரும், அவர்களுக்கு அதை அனுப்பியவர்களும் படித்தவர்கள். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் அந்தச் சங்கிலியில் ஒருவர்கூட மலைப்பாதையை நேரில் பார்த்தவர் இல்லை. பார்த்திருந்தவர் அந்தத் தேநீர்க் கடைக்காரர் ஒருவரே. பொய்ச் செய்தியைப் பற்றி எத்தனையோ விதமாகப் பேசுகிறோம்: தொழில்நுட்பம், அரசியல், மக்களின் அறியாமை. என் அனுபவத்தில் ஒரு கேள்வி இவற்றுக்கெல்லாம் முன்னால் நிற்கிறது: இதைப் போய்ப் பார்த்தவர் யார்? அந்தக் கேள்விக்கு விடை இல்லாத இடத்தில்தான் வதந்தி வேர் பிடிக்கிறது. அந்த விடையாக நாள்தோறும் இருந்துவந்த உள்ளூர்ச் செய்தியாளர் குறையக் குறைய, வதந்திக்கான இடம் பெருகுகிறது.

வதந்தி எவ்வளவு தூரம் போகும் என்பதை எங்கள் சேலத்துக்கு அதிகத் தூரமில்லாத திருவண்ணாமலை மாவட்டம் 2018 மே மாதத்தில் பார்த்தது. பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்திருக்கிறது என்ற செய்தி அப்போது வட மாவட்டங்கள் எங்கும் செல்பேசிகளில் சுற்றியது. அங்கே போளூருக்கு அருகே அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்குக் காரில் வந்த ஒரு குடும்பத்தினர் வழி கேட்க நின்றார்கள். தெருவில் இருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார்கள். அதைப் பார்த்தவர்களின் மனத்தில் ஏற்கெனவே அச்சம் ஏறியிருந்தது. கூட்டம் சேர்ந்து அடித்ததில் 65 வயது மூதாட்டி உயிரிழந்தார். அந்த மாதங்களில் இந்தியா முழுக்கச் சுற்றிய காணொளிகளில் ஒன்று, பாகிஸ்தானின் கராச்சியில் குழந்தைப் பாதுகாப்பு குறித்த விழிப்புணர்வுக்காக எடுக்கப்பட்டது. அதில் மோட்டார் சைக்கிளில் வருபவர்கள் குழந்தையைத் தூக்கிச் செல்கிறார்கள். பிறகு திரும்பிவந்து குழந்தையை இறக்கிவிட்டு, ஒரு குழந்தையைக் கடத்துவது எவ்வளவு எளிது பாருங்கள் என்று எழுதிய அட்டையைக் காட்டுகிறார்கள். அட்டை வரும் கடைசிப் பகுதியை யாரோ வெட்டி எடுத்துவிட்டார்கள். மிச்சம் இருந்தது கடத்தல் மட்டுமே.

அந்த ஆண்டு நாட்டில் தொடர்ந்து நடந்த இத்தகைய கொலைகளுக்குப் பிறகுதான், 2018 ஜூலையில், ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் முன்னனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் இந்தியாவில் வரம்பு வைத்தது. ‘ஃபார்வர்டு’ என்ற குறியும் அதே சமயத்தில் வந்தது. பலமுறை கை மாறிய செய்தியின் மேல் இப்போது இரட்டை அம்பு தெரிகிறது. முதலில் அனுப்பியவரிடமிருந்து ஐந்து கைகளாவது மாறி வந்தது என்பதே அதன் பொருள். 2020 ஏப்ரல் முதல் அப்படிப்பட்ட செய்தியை ஒரு நேரத்தில் ஒரே ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்ப முடிகிறது. இரட்டை அம்பு இருந்தாலே பொய் என்று ஆகிவிடாது. அனுப்பியவருக்கும் நடந்ததற்கும் தொடர்பு அறுந்துவிட்டது என்று மட்டும் அது சொல்கிறது. சித்திக்கு வந்த பாறைக் காணொளியிலும் அந்த இரட்டை அம்பு இருந்தது. அதைக் கவனிக்கச் சொல்லி அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

பொய் ஏன் முந்துகிறது என்பதை அமெரிக்காவின் எம்ஐடி நிறுவன ஆய்வாளர்கள் 2018இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். ட்விட்டரில் 2006 முதல் 2017 வரை பரவிய சுமார் 1,26,000 செய்தித் தொடர்களை ஆராய்ந்தபோது, உண்மையைவிடப் பொய் 70 சதவீதம் கூடுதலாக மறுபகிர்வு பெறுவதும், 1,500 பேரைச் சென்றடைய உண்மைக்கு ஏறத்தாழ ஆறு மடங்கு நேரம் பிடிப்பதும் தெரிந்தது. அதற்குக் காரணம் தானியங்கிக் கணக்குகள் அல்ல, மனிதர்களே என்பதையும் அவர்கள் கண்டார்கள். பொய் எப்போதும் புதிதாக இருக்கிறது. வியப்பையும் அருவருப்பையும் கிளப்புகிறது. மலைப்பாதையில் மண் சரிந்தது, ஜேசிபி வந்திருக்கிறது என்ற செய்தியில் வியக்க ஒன்றுமில்லை. அதை யார் யாருக்கு அனுப்பப் போகிறார்கள்?

2023 மார்ச் மாதம் இதே நோய் வேறு உருவத்தில் வந்தது. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களைத் தாக்குகிறார்கள், கொல்கிறார்கள் என்று இந்தியில் காணொளிகள் பரவின. பரவிய இரண்டு காணொளிகளும் பொய்யான விளக்கத்தோடு சுற்றுபவை என்றும், ஒன்று புலம்பெயர் தொழிலாளர்களுக்குள் நடந்த மோதல், மற்றொன்று உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த தகராறு என்றும் அன்றைய காவல்துறைத் தலைமை இயக்குநர் விளக்கமளித்தார். பீகார் அரசு ஒரு குழுவையே இங்கு அனுப்பி நிலைமையைப் பார்த்தது. எங்கள் தெருமுனை உணவகத்தில் பரோட்டா போடும் இளைஞருக்கு அந்த வாரத்தில் ஒரு நாளைக்குப் பத்து முறை ஊரிலிருந்து அழைப்பு வரும். அவர் அடுப்படியிலிருந்து செல்பேசியை உயர்த்தி, தான் நிற்கும் இடத்தையும் கல்லாவில் இருக்கும் முதலாளியையும் தன் அம்மாவுக்குக் காட்டுவார். ‘டீக் ஹை அம்மா, டீக் ஹை’ (எல்லாம் சரியாக இருக்கிறது) என்பார். தன் ஊருக்கு அவரே செய்தியாளரானார். ஆனால் அவர் அம்மாவைப் போல ஆயிரக்கணக்கான அம்மாக்களுக்கு அப்படிக் காட்ட ஆள் இருந்திருக்காது.

எல்லாவற்றையும் போய்ப் பார்க்க நம்மால் முடியாது. ஆனால் வீட்டிலிருந்தபடியே சோதித்துப் பார்க்கக்கூடியவை நாம் நினைப்பதைவிட அதிகம். அதற்கு என்னிடம் உள்ள நல்ல உதாரணம் மேட்டூர் அணை.

காவிரியில் வெள்ளம் வரும் ஆண்டுகளில் சேலத்தில் மேட்டூரைப் பற்றிய புரளி இல்லாமல் ஒரு வாரம் போகாது. 2024 ஜூலை இறுதியில் அணை நிரம்பியபோதும் அப்படித்தான். அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி), முழு நீர்மட்டம் 120 அடி. நீர்மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம், நீர் இருப்பு ஆகிய நான்கும் நாள்தோறும் காலையில் நீர்வளத் துறையால் வெளியிடப்படுகின்றன. நாளிதழ்களிலும் வானொலியிலும் வருகின்றன. இந்த நான்கு எண்களையும் வாசிக்கத் தெரிந்தால் பாதிப் புரளி அங்கேயே விழுந்துவிடும். வினாடிக்கு 1 லட்சம் கன அடி என்று கேட்டால் மலைப்பாக இருக்கிறது. ஒரு நாளைக்கு 86,400 வினாடிகள். பெருக்கினால் 864 கோடி கன அடி, அதாவது 8.64 டிஎம்சி. காலியான மேட்டூர் அணை, ஒரு சொட்டும் வெளியேறாமல் அந்த வேகத்தில் நிரம்பினாலும், முழுதாக நிரம்பப் பதினோரு நாள் ஆகும். ஆகவே ‘நேற்று இரவு ஒரே இரவில் அணை பாதியிலிருந்து நிரம்பி வழிகிறது’ என்று வரும் செய்தியை நம்ப வேண்டுமானால், அன்றிரவு வினாடிக்குப் பத்து லட்சம் கன அடிக்கு மேல் வந்திருக்க வேண்டும். இந்தக் கணக்குக்கு இணையம்கூட வேண்டாம்.

அதே கணக்கு எதிர்ப்பக்கத்திலும் பயன்படும். நீர்வரத்தும் வெளியேற்றமும் சமமாக இருக்கும்போது நீர்மட்டம் நகராது. அணை முழுதாக நிரம்பியிருக்கும்போது வருவதை அப்படியே விட்டுத்தான் ஆக வேண்டும். அதனால் பதினாறு கண் மதகில் தண்ணீர் சீறுவதைக் காட்டும் படம், அணைக்கு ஆபத்து என்பதற்குச் சான்றாகாது. அணை தன் வேலையைச் செய்கிறது என்பதற்கே சான்று. அதேசமயம் ஆற்றங்கரையில் தாழ்வான இடத்தில் குடியிருப்பவருக்கு அந்த வெளியேற்ற எண் உயிர் சம்பந்தப்பட்டது. வெளியேற்றம் கூடப்போகிறது என்று ஆட்சியர் அலுவலகம் எச்சரிக்கை விட்டால் அதை வதந்தி என்று தள்ளிவிடக் கூடாது. எதையும் நம்பாமல் இருப்பதே விழிப்பு என்று நினைப்பவர்களைப் பார்க்கிறேன். அந்த எண்ணம் எனக்கு வதந்தியைவிடப் பெரிய கவலையைத் தருகிறது. எதையும் நம்பாதவர் வெள்ள எச்சரிக்கையையும் நம்பமாட்டார்.

நாளிதழுக்கும் நமக்கும் உள்ள உறவு எண்களோடு முடிவதில்லை. 2018இல் சேலத்துக்கும் சென்னைக்கும் இடையே 277 கிலோமீட்டர் நீளத்துக்கு, சுமார் 10,000 கோடி ரூபாயில், எட்டு வழிச் சாலை அறிவிக்கப்பட்டபோது குப்பனூர், ஆச்சாங்குட்டப்பட்டி போன்ற ஊர்களில் பலருக்கு முதல் தகவல் தந்தது தோட்டத்தில் நட்ட கல்தான். நில அளவையர் வந்து கல் நட்டுவிட்டுப் போனார். பிறகுதான் எதற்கு என்று தெரிந்தது. சாலை எதற்காக வருகிறது, யாருக்காக வருகிறது, இழப்பீடு எவ்வளவு என்பதைப் பற்றி இரு பக்கமும் ஆதாரமில்லாத கதைகள் ஓடின. அந்த நேரத்தில் விவசாயிக்கு உண்மையில் தேவைப்பட்டது ஒரே ஒரு தாள்: தன் புல எண் இருக்கிறதா என்று பார்க்க அரசிதழ் அறிவிக்கை.

தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம் 1956இன்படி, நிலம் எடுக்கும் அறிவிக்கையின் சாரத்தை இரண்டு உள்ளூர் நாளிதழ்களில் வெளியிட வேண்டும். அவற்றில் ஒன்று வட்டார மொழியில் இருக்க வேண்டும். அரசிதழில் அறிவிக்கை வெளியான நாளிலிருந்து 21 நாட்களுக்குள் நிலத்தில் உரிமை உள்ளவர் ஆட்சேபணை தெரிவிக்கலாம். இதைச் சற்று நிதானமாக யோசித்துப் பார்க்க வேண்டும். நாளிதழ் வாங்காத வீட்டில், நாளிதழ் வராத ஊரில், பொடி எழுத்தில் பன்னிரண்டாம் பக்கத்தில் வந்த அந்த விளம்பரத்தை யாரும் பார்க்கவில்லை என்றாலும் 21 நாள் ஓடிவிடும். சட்டம் நாளிதழை வாசிக்கும் குடிமகனை மனத்தில் வைத்து எழுதப்பட்டிருக்கிறது. அன்று அந்த அறிவிக்கைகளைப் படித்து, எந்தக் கிராமத்தில் எத்தனை கிணறு, எத்தனை தென்னை போகிறது என்று தோட்டம் தோட்டமாக நடந்து எழுதியவர்கள் உள்ளூர்ச் செய்தியாளர்களே. 2019 ஏப்ரல் 8 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அந்த நிலமெடுப்பு அறிவிக்கையை ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், உரிய அனுமதிகளுக்குப் பிறகு சட்டப்படி நிலமெடுப்பைத் தொடரலாம் என்று சொன்னது. இந்த இரண்டு தீர்ப்புகளையும் ‘சாலை ரத்து’ என்றும் ‘சாலை வருகிறது’ என்றும் ஒற்றை வரியாகச் சுருக்கி அனுப்பியவர்களால் எத்தனை குடும்பங்கள் தவறான நேரத்தில் மகிழ்ந்தன, தவறான நேரத்தில் அஞ்சின என்பதை நான் அருகிலிருந்து பார்த்தேன்.

நாளிதழின் கடைசிப் பக்கத்தில், அடியில், பலரும் படிக்காத ஒரு வரி இருக்கும். வெளியிடுபவர் யார், அச்சிடுபவர் யார், ஆசிரியர் யார், எங்கே அச்சானது என்று அது சொல்லும். 1867ஆம் ஆண்டுச் சட்டம் தொடங்கி வந்த கட்டாயம் இது. தவறான செய்தி வந்தால் யாரைக் கேட்பது, யார் மீது வழக்குப் போடுவது என்பதற்கு முகவரி அந்த வரி. வாட்ஸ்அப்பில் வரும் செய்திக்கு அந்த வரி கிடையாது. அதனால்தான் பொய் பரப்புவோர் அந்த முகவரியையே திருடப் பழகிவிட்டார்கள். ஒரு தொலைக்காட்சியின் சின்னம், அதன் நிறம், அதன் எழுத்துரு எல்லாவற்றையும் அப்படியே போட்டு, ஒரு தலைவர் சொல்லாததைச் சொன்னதாக நியூஸ் கார்டு தயாரிக்கிறார்கள். தேர்தல் நேரத்தில் இது பெருகும். அந்தத் தொலைக்காட்சியின் சொந்தப் பக்கத்துக்குப் போய் அன்றைய அட்டைகளைப் பார்த்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். இப்போது செயற்கை நுண்ணறிவு ஒருவரின் குரலையும் முகத்தையும்கூட உருவாக்கிவிடுகிறது. காதும் கண்ணும் இனிச் சாட்சியாகப் போதாது; முகவரி ஒன்றுதான் மிச்சம்.

அந்த முகவரியில் நிற்பவர்களுக்கு என்ன நடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். எழுதியதற்காகத் தண்டனை பெறுவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. இராசிபுரத்தில் பிறந்த டாக்டர் பி. வரதராஜுலு நாயுடு சேலத்திலிருந்து ‘தமிழ்நாடு’ இதழைத் தொடங்கி நடத்தியவர். பேச்சுக்காகவும் எழுத்துக்காகவும் வெள்ளையர் ஆட்சியில் சிறை சென்றவர். 1932இல் ‘இந்தியன் எக்ஸ்பிரஸ்’ நாளிதழைத் தொடங்கியவரும் அவரே. இன்றைய நிலை என்ன? எல்லைகளற்ற செய்தியாளர்கள் அமைப்பின் ஊடகச் சுதந்திரப் பட்டியலில் 180 நாடுகளில் இந்தியா 2023இல் 161ஆம் இடத்திலும் 2025இல் 151ஆம் இடத்திலும் இருந்தது. 2024 ஜனவரியில் திருப்பூர் மாவட்டம் பல்லடம் பகுதியில் ஒரு தொலைக்காட்சிச் செய்தியாளர், தன்னைச் சிலர் நோட்டமிடுகிறார்கள் என்று காவல்துறையைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்லியும், அன்றிரவே அரிவாளால் வெட்டப்பட்டுப் படுகாயமடைந்தார். நம்மூரிலிருந்து மூன்று மணி நேரப் பயணத்தில் இருக்கும் இடம் அது. பெருநகரத்தில் இருக்கும் ஆசிரியருக்குப் பின்னால் நிறுவனமும் வழக்கறிஞரும் இருக்கிறார்கள். மணல் எங்கே அள்ளப்படுகிறது என்று எழுதும் வட்டார நிருபரின் வீடு எது, அவர் பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கிறது என்பது அள்ளுபவருக்கும் தெரியும்.

அடி உதையைவிட ஓசையில்லாமல் நடப்பது வருமானம் வற்றுவது. பல இடங்களில் பகுதிநேர நிருபருக்கு மாதச் சம்பளம் கிடையாது. வெளியான செய்திக்கு இவ்வளவு என்று கணக்கு. விளம்பரம் பிடித்துக் கொடுத்தால் அதில் ஒரு பங்கு. திறப்பு விழாவுக்கும் பிறந்தநாளுக்கும் சிறப்பு மலருக்கும் விளம்பரம் கேட்டு எந்த அலுவலகத்துக்குப் போனாரோ, அதே அலுவலகத்தின் முறைகேட்டை மறுநாள் அவர் எப்படி எழுதுவார்? இந்த இக்கட்டில் தவறியவர்களும் உண்டு. செய்தியாளர் என்ற பெயரில் பணம் பறிப்பவர்களும், வண்டியில் ‘பிரஸ்’ என்று ஒட்டிக்கொண்டு திரிபவர்களும் உண்டு. அவர்களைக் காட்டி ‘எல்லோரும் அப்படித்தான்’ என்று சொல்லிவிடுவது எளிது. அப்படிச் சொல்லும்போது நேர்மையாக இருப்பவருக்கு மிச்சம் இருந்த ஒரே சொத்தையும் பறித்துவிடுகிறோம்.

கதவுகளும் ஒவ்வொன்றாகக் குறுகுகின்றன. 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், பத்து ரூபாய்க் கட்டணத்தில் 30 நாளில் அரசு ஆவணத்தைக் கேட்டுப் பெறும் வழியை எல்லோருக்கும் தந்தது. தனிநபர் விவரம் என்றாலும் பொதுநலன் இருந்தால் தரலாம் என்று அதன் 8(1)(ஒ) என்ற விலக்குப் பிரிவில் இடம் இருந்தது. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிநபர் விவரம் பற்றிய அந்த விலக்கைத் திருத்தி, அதிலிருந்த பொதுநலன் என்ற சொற்களை நீக்கியது. ஒரு திட்டத்தின் பயனாளிகள் பட்டியலில் போலிப் பெயர்கள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டுமென்றால் பெயர்கள் வேண்டும். பெயர் தனிநபர் விவரம் என்று பதில் வந்தால், அந்தச் செய்தி அங்கேயே நின்றுவிடும்.

அரசே சரிபார்த்துச் சொன்னால் போதாதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஒன்றிய அரசு 2023 ஏப்ரலில் தகவல் தொழில்நுட்ப விதிகளைத் திருத்தி, தன்னைப் பற்றிய செய்திகளில் எது பொய் என்று தீர்மானிக்கும் பிரிவை அமைக்க வழி செய்தது. 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்தத் திருத்தத்தையே செல்லாது என்றது. தமிழ்நாடு அரசுக்கும் தகவல் சரிபார்ப்பகம் ஒன்று இருக்கிறது. பள்ளிக்கு விடுமுறையா, இந்தச் சுற்றறிக்கை உண்மையா, பேருந்துக் கட்டணம் கூடியதா போன்ற கேள்விகளுக்கு நான் அதைப் பார்க்கிறேன், பயனுள்ளதாகவே இருக்கிறது. ஆனால் சாலை ஒப்பந்தத்தில் முறைகேடு என்ற செய்தி பொய்யா மெய்யா என்று ஒப்பந்தம் கொடுத்தவரே தீர்ப்புச் சொல்ல முடியாது. எந்தக் கட்சி ஆண்டாலும் இது மாறாது. அதற்குத்தான் அரசின் சம்பளம் வாங்காத ஒருவர் அந்தச் சாலையில் இறங்கி, தார் எத்தனை அங்குலம் என்று அளந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

என் வீட்டில் இப்போது இரண்டு நாளிதழ்கள் வாங்குகிறோம்; வேண்டுமென்றே ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத இரண்டு. ஒரே செய்தி இரண்டிலும் எப்படி வந்திருக்கிறது, ஒன்றில் இருக்கும் எது மற்றதில் இல்லை என்று பார்ப்பது காலையில் கால் மணி நேர வேலை. இரண்டும் ஒரே செய்தி முகமையிலிருந்து எடுத்திருந்தால் அதை இரண்டு சாட்சியாகக் கணக்கிடுவதில்லை. ஒருவர் சொன்னதை இருவர் திருப்பிச் சொன்னதாகவே எடுத்துக்கொள்கிறேன். தலைப்பில் கேள்விக்குறி இருந்தால், உள்ளே ‘கூறப்படுகிறது’ என்று மட்டும் இருந்தால், கூறியவர் யார் என்று தேடுவேன். இருந்தால் படிப்பேன், இல்லாவிட்டால் நாளை வரை காத்திருப்பேன். நாளை வரை காத்திருந்ததால் நான் இழந்த செய்தி எதுவும் இதுவரை இல்லை. சித்திக்கு ஒரே ஒரு பழக்கத்தைச் சொல்லிக் கொடுத்தேன்: மனம் பதறும்படி ஏதாவது வந்தால், அதை அனுப்புவதற்கு முன் அந்த ஊரில் இருக்கும் ஒருவரை அழைப்பது. அவருக்குச் சேலம் மாவட்டத்தில் எந்த ஊரிலும் யாராவது சொந்தக்காரர் இருப்பார்கள். கூகுள் லென்ஸைவிட அது அவருக்கு நன்றாகவே வேலை செய்கிறது.

அந்த டிசம்பர் திங்கட்கிழமை மாலை ஏழு மணிக்குத்தான் சித்தி மகளின் அழைப்பு வந்தது. பள்ளிக்கு விடுமுறை, மின்சாரம் இல்லை, பக்கத்து வீட்டில் சமையல் என்றாள். மறுநாள் நாளிதழின் சேலம் பக்கத்தில், மலைப்பாதையில் எந்த வளைவுகளில் மண் சரிந்திருக்கிறது, எத்தனை மரங்கள் விழுந்திருக்கின்றன, வண்டிகள் எப்போது விடப்படலாம் என்று ஒரு செய்தி வந்திருந்தது. நாகாலாந்துப் பாறையைப் பற்றி அதில் ஒரு வார்த்தைகூட இல்லை. சில வாரங்கள் கழித்து அடிவாரத் தேநீர்க் கடையில் அந்தச் செய்தியை எழுதியவரைச் சந்தித்தேன். வண்டியை இந்தக் கடையில் நிறுத்திவிட்டு, மழைக்கோட்டோடு சரிவுகளைத் தாண்டி நடந்தே ஏறியதாகச் சொன்னார். இறங்கி வரும்போது செருப்பு சேற்றில் போய்விட்டதாம். அந்தச் செய்திக்கும் உடன் வந்த படத்துக்கும் அவருக்குக் கிடைத்த தொகை, புதுச் செருப்புக்குப் போதவில்லை. கடைக்காரர் அவரிடம் அன்றும் தேநீருக்குக் காசு வாங்கவில்லை.